0.5 மி.மீ. பிட் அலுமினியத்தில் தொட்டவுடன் முறிவது பற்றி

துளை போடும் 0.5 மி.மீ. கார்பைடு பிட், ஃபீடை (பிட் உள்ளே இறங்கும் வேகத்தை) குறைத்தும் அலுமினியத்தைத் தொட்டவுடன் முறிகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஃபீடை இன்னும் குறைக்காதீர்கள், காரணம் அது இல்லை. மேலே தொட்ட உடனே முறிகிறது என்றால் பிட் ஆடுகிறது என்று அர்த்தம். ஆழத்தில் போய் முறிந்திருந்தால் சீவல் அடைப்பைச் சந்தேகப்படலாம். பிட் செய்யப்பட்டிருக்கும் கார்பைடு கடினமானது, வளையாது, பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே போய்விடும்.

ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் காலட்தான் (பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் துண்டு). பிட்டின் தண்டு 3.175 மி.மீ. ஆக இருந்து, நீங்கள் 3.5 காலட்டில் இறுக்கியிருந்தால் அது நேராக நிற்காது. 3.175 காலட்டே போடுங்கள். நட்டையும், காலட் உட்காரும் கூம்பையும் துடைத்துவிட்டு, டயல் கேஜை (முள் வைத்து ஆட்டத்தை அளக்கும் கருவி) தண்டில் வைத்து, பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். முள் 0.02 மி.மீ.-க்கு மேல் ஆடினால் காலட்டைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு மறுபடி அளக்கவும். (நான் ஒருமுறை நான்கு பிட்டை உடைத்த பிறகுதான் கூம்பில் ஒட்டியிருந்த ஒரு சீவலைப் பார்த்தேன்.)

அப்புறம் ஜி83-இல் (கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தித் துளை போடும் சிஎன்சி கட்டளை) 0.1 மி.மீ. வீதம் குத்தி, ஒவ்வொரு முறையும் முழுக்க வெளியே எடுங்கள். 10,000 ஆர்பிஎம்முக்கு நிமிடத்துக்கு 50 மி.மீ. ஃபீடில் ஆரம்பிக்கலாம். ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டால் அலுமினியம் ஒட்டாது. ஸ்பிண்டிலில் பொறி பறந்தால் ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும், கவனம்.

இந்தக் கணக்கு அலுமினியத்துக்கு மட்டும். ஸ்டெயின்லெஸ்ஸில் வேகத்தைக் குறைக்க வேண்டும், பிட் ஒரே இடத்தில் உரசிக்கொண்டு நின்றால் உலோகம் இறுகிவிடும்.