மொட்டைமாடி சீபக்தார்ன்: மஞ்சள் இலையும் காய்ப்பும்

திருவொற்றியூர் மாடித்தொட்டியில் லடாக் சீபக்தார்ன் (புளிப்புப் பழம் தரும் குளிர்நாட்டு முட்செடி) மூன்று வருடமாகப் பூக்கவில்லை, அடி இலை மஞ்சளாகிறது என்று கேட்டிருந்தீர்கள். கடற்காற்றைச் சந்தேகிக்காதீர்கள், உப்பை நன்றாகவே தாங்கும் செடி இது. பெரும்பாலும் வேரில் தண்ணீர் தேங்குவதுதான் காரணம். அடித்தட்டை எடுத்துவிட்டு, இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய எரு கலந்து மாற்றி நடுங்கள். அழுகிக் கறுத்த வேரை வெட்டலாம், வேர்முடிச்சுகளை விட்டுவிடுங்கள்; காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிப்பது அவைதான். அதனால் யூரியா வேண்டவே வேண்டாம். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். மதிய வெயிலுக்கு 50% நிழல்வலை.

காய்க்கு நம்பிக்கை தர மனம் வரவில்லை. அதற்கு வேண்டிய நீண்ட குளிர் நம்மூர் மார்கழியில் கிடையாது. ஆண், பெண் வேறு தனித்தனிச் செடி. ஒற்றைப் பெண்செடி பூத்தாலும் பழம் பிடிக்காது. புளிப்புப் பழம்தான் ஆசை என்றால் களாச்செடி வையுங்கள், சென்னை வெயிலிலேயே காய்க்கும்.