விஸ்கான்சின் சப்பர் கிளப்புக்கு நண்பர்களோடு போகிறீர்களா? கேள்வி பதில்

மேடிசன் வாசகர்: 'கிளப்' என்று பெயர் இருக்கிறதே, மெம்பர்ஷிப் வேண்டுமா?

வேண்டாம். பெயர்தான் கிளப், பாரோடு சேர்ந்த இரவுச் சாப்பாட்டு உணவகம்தான். யார் வேண்டுமானாலும் போகலாம்.

ஷாம்பர்க் வாசகர்: அக்கா, எட்டுப் பேர் சனிக்கிழமை சாயங்காலம் போகலாம் என்று இருக்கிறோம். எல்லோருக்கும் முதல் தடவை. அங்கே எப்படி நடக்கும்?

முதலில் போன் போடுங்கள். சின்ன ஊர்க் கிளப்கள் பல திங்கள், செவ்வாய் மூடியிருக்கும். திறப்பதே மாலை நாலு, நாலரைக்குத்தான். சனிக்கிழமைக்கு முன்பதிவு கிடைத்தால் ஐந்து மணிக்கு வாங்கிவிடுங்கள். முன்பதிவே இல்லாத இடங்களும் உண்டு. லேக் டெல்டன் பக்கம் மிரர் ஏரிக்கரையில், கட்டடத்துக்குள்ளேயே பைன் மரங்கள் நிற்கும் இஷ்னாலா அப்படித்தான். 1953 முதல் சப்பர் கிளப்பாக நடக்கிறது, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். கதவு திறக்கும் முன்பே வரிசை நிற்கும்.

உள்ளே போனதும் பெயரைச் சொல்லிவிட்டு பாருக்குப் போக வேண்டும். நேராக மேசையைத் தேடாதீர்கள். பாரில் ஆளுக்கொரு பானம் வாங்கி உட்கார்ந்தால் மெனு அங்கேயே வரும். பல இடங்களில் சாப்பாட்டு ஆர்டரையும் அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். சாலட் தயாரானதும் மேசைக்குக் கூப்பிடுவார்கள். முதலில் ரெலிஷ் தட்டு: காரட், செலரி, முள்ளங்கி, வெங்காயத்தாள், ஊறுகாய் வெள்ளரி, தடவிக்கொள்ளச் சீஸ், கிராக்கர். நம் ஆட்கள் பசியோடு வந்து இதிலும் ரொட்டியிலுமே வயிற்றை நிரப்பிவிடுகிறார்கள். பின்னால் சூப் அல்லது சாலட், உருளைக்கிழங்கு, அதன்பிறகுதான் முக்கியமான தட்டு. இதெல்லாம் ஒரே விலைக்குள் வருவதுதான் பழைய வழக்கம். இப்போது சில இடங்களில் தனித்தனி விலை. ஆர்டருக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டரை, மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். எட்டுப் பேரும் வந்து சேராமல் மேசை தராத இடங்கள் உண்டு. ஒரு கார் தாமதமானால் எல்லோரும் பாரில் இரண்டாவது ரவுண்டு போவார்கள், கணக்கும் போதையும் ஏறும். சேர்ந்தே கிளம்புங்கள். யார் வண்டி ஓட்டுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். அவர் அன்று குடிக்கக் கூடாது.

சனிக்கிழமை என்றால் ப்ரைம் ரிப், அதாவது மாட்டின் விலாப்பகுதி இறைச்சி. முழுத் துண்டாக மதியமே அடுப்பில் ஏற்றி, குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைப்பது. தீர்ந்தால் தீர்ந்ததுதான், உடனே இன்னொன்று செய்ய முடியாது. எத்தனை பேருக்கு வேண்டும் என்பதை முன்பதிவின்போதே சொல்லி, எடுத்துவைக்க முடியுமா என்று கேளுங்கள். வெட்டினால் நடுப்பகுதி இளஞ்சிவப்பாக இருக்கும். தட்டில் வடியும் சிவப்புச் சாறு ரத்தம் கிடையாது, தசையில் உள்ள மயோகுளோபின் கலந்த நீர். சிவப்பு பிடிக்காதவர்கள் 'எண்ட் கட்' கேளுங்கள், ஓரத்துண்டு நன்றாக வெந்திருக்கும். அது இல்லையென்றால் வெட்டிய துண்டைச் சூடான இறைச்சிச் சாற்றில் முக்கித் தருவார்கள். திருப்பி அனுப்பி கிரில்லில் போடச் சொன்னால் தோல் மாதிரி இறுகிவிடும். கூட வரும் ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான வேரின் விழுதைக் கடுகளவு தொட்டுப் பார்த்து ஆரம்பியுங்கள், மூக்கில் ஏறும்.

ஆப்பிள்டன் வாசகர்: பிராந்தி ஓல்டு ஃபேஷன்ட் ஆர்டர் செய்தால் 'ஸ்வீட்டா, சவரா, பிரஸ்ஸா' என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

அடித்தளம் மூன்றுக்கும் ஒன்றுதான். கண்ணாடிக் குவளையில் ஒரு சர்க்கரைக் கட்டி, அதன்மேல் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு இரண்டு மூன்று சொட்டு, ஒரு ஆரஞ்சு வில்லை, ஒரு செர்ரி. மரக்கட்டையால் நசுக்கி, ஐஸ் நிரப்பி, 60 மில்லி அளவு பிராந்தி ஊற்றுவார்கள். மேலே ஊற்றும் சோடாவைப் பற்றித்தான் கேள்வி. ஸ்வீட் என்றால் செவன்-அப் அல்லது ஸ்பிரைட். சவர் என்றால் ஸ்குவர்ட் போன்ற கிரேப்ஃப்ரூட் சோடா அல்லது புளிப்புக் கலவை. பிரஸ் என்றால் பாதி செவன்-அப், பாதி வெறும் சோடா. முதல் தடவைக்குப் பிரஸ் சொல்லுங்கள், இனிப்பு திகட்டாது. விஸ்கி வேண்டுமென்றால் விஸ்கி என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். இங்கே சொல்லாவிட்டால் பிராந்திதான், கலிபோர்னியாவின் கோர்பெல் பிராந்திக்கு மிகப் பெரிய சந்தையே விஸ்கான்சின்.

இனிப்புச் சோடா பிராந்தியின் காரத்தை மறைத்துவிடும், மூன்று போனதே தெரியாது. ஓட்டுபவருக்கு ஸ்பிரைட்டில் ஆரஞ்சும் செர்ரியும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

புரூக்ஃபீல்ட் வாசகர்: எங்களில் இரண்டு பேர் சுத்த சைவம், ஒருவர் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார். அவர்களுக்கு என்ன?

மாட்டிறைச்சி மட்டும் வேண்டாதவருக்குக் கவலை இல்லை: வால்ஐ மீன், இறால், கோழி, பல இடங்களில் வாத்து. சாறும் சூப்பும் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். ஃபிரெஞ்சு ஆனியன் சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில்தான் செய்யப்படுகிறது. மேலே சீஸ் மூடியிருப்பதால் வெங்காய சூப் என்று நம்பிச் சாப்பிடுகிறவர்கள் அதிகம்.

சைவத்துக்கு வெளிப்படையாகத் தெரியாதவைதான் சிக்கல். வைல்ட் ரைஸ் சூப்பில் கோழிச் சாறு இருக்கும். பச்சை பீன்ஸில் பேக்கன் என்ற பன்றி இறைச்சித் துண்டு, கீரை சாலட்டில் சூடான பேக்கன் கொழுப்பு. சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி. சீஸ் கர்ட்ஸ் என்ற பொரித்த சீஸ் துண்டுகள் பார்க்க சைவம், ஆனால் வெள்ளிக்கிழமை மீன் பொரித்த அதே எண்ணெயில் பொரிபடலாம். வேகவைத்த முழு உருளைக்கிழங்கு, ரெலிஷ் தட்டு, எண்ணெய்-வினிகர் சாலட் ஆகியவற்றை நம்பலாம். முந்தின நாளே, மதியம் இரண்டு மூன்று மணிக்குப் போன் செய்து, "இறைச்சி, மீன், அவற்றின் சாறு எதுவும் இல்லாமல் ஒரு பாஸ்தா செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் மீன் சாப்பிடுவீர்கள் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வாரக்கடைசி இரவு ஏழு மணிக்கு மேசையில் உட்கார்ந்து கேட்டால் சமையலறையால் எதுவும் செய்ய முடியாது.

க்ரீன் பே வாசகர்: மெம்பர்ஷிப் கட்டணம் எவ்வளவு?

முதல் பதிலைப் பாருங்கள்.

நேப்பர்வில் வாசகர்: பிள்ளைகளையும் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஆனால் கடைசியில் வரும் 'கிராஸ்ஹாப்பர்', 'பிராந்தி அலெக்ஸாண்டர்', 'பிங்க் ஸ்குவிரல்' மூன்றும் பார்க்க மில்க்‌ஷேக், உள்ளே மது. பிள்ளை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். அவர்களுக்கு 'கிடி காக்டெயில்' சொல்லுங்கள். செவன்-அப்பில் கிரெனடைன் பாகும் செர்ரியும், மது கிடையாது.

மில்வாக்கி வாசகர்: பில்லைச் சமமாகப் பிரிப்பதுதானே சுலபம்? நண்பர்களுக்குள் என்ன கணக்கு?

புரூக்ஃபீல்ட் வாசகர்: சைவம் சாப்பிட்டு, குடிக்காமல், அடுத்தவர் ஸ்டேக்குக்குக் காசு கொடுக்கிறவனிடம் கேட்டால் தெரியும் சுலபம்!

மில்வாக்கி வாசகர்: பத்து டாலர் வித்தியாசத்துக்கா இந்தப் பேச்சு?

பத்து டாலரா என்று போட்டுப் பார்ப்போம். விலைகளை உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ப்ரைம் ரிப் 46 வீதம் நாலு, வால்ஐ 32 வீதம் இரண்டு, பாஸ்தா 22 வீதம் இரண்டு: 292 டாலர். ப்ரைம் ரிப்காரர்கள் நால்வரும் வால்ஐகாரர் ஒருவரும் ஆளுக்கு இரண்டு பானம், ஒன்று 11: 110. ஆக 402. வரி 5.5 சதவீதம், டிப் 20 சதவீதம் சேர்த்தால் 504.51. சமமாகப் பிரித்தால் தலைக்கு 63.06. பாஸ்தா மட்டும் சாப்பிட்டவரின் நிஜக் கணக்கு 27.61, ப்ரைம் ரிப்பும் இரண்டு பானமும் எடுத்தவருடையது 85.34. சைவக்காரர் 35 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார், மற்றவருக்கு 22 டாலர் மிச்சம். இது ஒவ்வொரு தடவையும் நடந்தால் அவர் ஏதாவது காரணம் சொல்லி வருவதை நிறுத்திவிடுவார்.

மில்வாக்கி வாசகர்: சரி அக்கா, அதற்காக எட்டு பில் கேட்டால் பரிமாறுகிறவர் பாடு?

முதல் ஆர்டருக்கு முன்பே சொன்னால் அவருக்குச் சிரமம் இல்லை, இந்த ஊர்களில் தனி பில் சகஜம். எல்லாம் முடிந்தபின் பிரிக்கச் சொல்வதுதான் கொடுமை. எனக்குப் பிடித்த வழி: பானத்துக்கு அவரவர் பாரிலேயே கொடுத்து முடிப்பது, பார்டெண்டருக்கு அங்கேயே டிப். சாப்பாடு தனித்தனி பில். வண்டி ஓட்டுபவரின் சாப்பாட்டை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வது. டிப் எழுதும் முன் பில்லைப் படியுங்கள். பெரிய கூட்டத்துக்கு 18 சதவீதம் ஏற்கெனவே சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லையென்றால் குறைக்காமல் கொடுங்கள், டிப் வாங்கும் ஊழியருக்கு இந்த மாநிலத்தில் முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.33 டாலர்தான்.

மேடிசன் வாசகர் இன்னொருவர்: சைவத்துக்கு என்ன கிடைக்கும்?

மேலே புரூக்ஃபீல்ட்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

ஆப்பிள்டன் வாசகர்: விஸ்கான்சினில் முதல் தடவை குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் குற்றவழக்கே இல்லையாமே, அபராதம் மட்டும்தானாமே?

மாநிலச் சட்டப்படி முதல் தடவை பொதுவாகக் குற்றவழக்கு ஆகாது என்பது உண்மை. அதை நம்பி இறங்காதே தம்பி. உரிமம் நிறுத்தப்படும், காப்பீடு எகிறும். எச்-1பி போன்ற விசாவில் இருந்தால், தீர்ப்பு வரும் முன்பே, கைதானதை வைத்தே வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம். கிராமத்துச் சாலையில் இரவு பத்து மணிக்கு ஊபர் வராது. அக்டோபர், நவம்பரில் இருட்டியதும் மான்கள் குறுக்கே ஓடும், தெளிவாக இருப்பவருக்கே பிரேக் அடிக்க நேரம் போதாது. ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொடக் கூடாது.

மில்வாக்கி வாசகர்: டோர் கவுண்டி ஃபிஷ் பாயிலும் இதுதானா?

அது வேறு. வெளியே கொப்பரையில் வெண்மீனும் உருளைக்கிழங்கும் வேகவைப்பது. அதற்குத் தனியாகக் கேளுங்கள்.

நேப்பர்வில் வாசகர்: உடை?

காலர் வைத்த சட்டை போதும். கோட் தேவையில்லை.

க்ரீன் பே வாசகர்: வெள்ளிக்கிழமை மீன் வறுவலில் காட், பெர்ச், வால்ஐ மூன்றும் இருந்தால் எதைச் சொல்வது?

பெர்ச் இருந்தால் பெர்ச். சின்னத் துண்டு, மெல்லிய மாவு, மொறுமொறுப்பு, நம் நாக்குக்கு நெருக்கம். ஏரிமீன் என்பதால் விலை கூடுதல். காட் சதைப்பற்றானது, பீர் மாவில் தடிமனாக வரும், ஆறினால் தொளதொளத்துவிடும், அதனால் பார்சல் வேண்டாம். வால்ஐயைப் பொரிக்காமல் பிராயில் செய்யச் சொல்லுங்கள், அதாவது மேலிருந்து வரும் நேரடிச் சூட்டில் வாட்டுவது. பக்கத்தில் ஃபிரை கேட்காமல் உருளைக்கிழங்கு அடை கேளுங்கள், ஆப்பிள் விழுதோடு வரும். உப்பு, எலுமிச்சை மேசையிலேயே இருக்கும். மிளகாய்த்தூள் வேண்டுமென்றால் கையோடு கொண்டுபோங்கள்.