போட்டோஷொப் கற்க எந்த நூல் நல்லது?

கேள்வி: ஒளிப்பட நிலையமொன்றில் தொழில் பயிலுகின்றேன். போட்டோஷொப் கற்பதற்கு எத்தகைய நூலை வாங்கலாம்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: நூல் எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்பதை முதலிற் பாருங்கள். 2013இல் அடோபி நிறுவனம் சந்தா முறைக்கு மாறி, இம்மென்பொருளை அடிக்கடி புதுப்பித்து வருவதால், பழைய நூல் காட்டும் கட்டளைகள் உங்கள் திரையில் வேறிடத்தில் இருக்கக்கூடும். எனினும் 1994இல் அறிமுகமான லேயர் முறையே (படத்தை ஒன்றன்மேல் ஒன்றான அடுக்குகளாக வைத்துத் திருத்துவது) இன்றும் அடிப்படையாக இருப்பதால், மூலப் படத்தைச் சிதைக்காமல் லேயர், மாஸ்க் (அடுக்கின் வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைக்கும் திரை) ஆகியவற்றால் திருத்தும் வழியைத் தொடக்கத்திலேயே காரணத்துடன் விளக்கும் நூலையே தெரிவு செய்யுங்கள். முகத்தை வெளுப்பாக்கும் குறுக்குவழிகளை மட்டும் அடுக்கும் நூல்கள் வேண்டாம். திருமணப் படங்களில் தோலின் இயல்பான நிறத்தைக் காப்பதையே நான் திறமையென மதிக்கின்றேன். பயிற்சிப் படங்களும் நூலுடன் கிடைக்கவேண்டும். வாங்குமுன் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இத்துறை நூல்கள் உள்ளனவா என விசாரித்து, ஓர் அத்தியாயத்தையேனும் கணினியில் செய்து பாருங்கள்.