எல்லை தாண்டிப் படிக்கப் போகும் மகள்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விவசாயம் செய்யும் தமிழ்க் குடும்பம். மகள் சித்தூர் அரசுக் கல்லூரியில் இளங்கலை முடித்திருக்கிறாள். முதுகலைக்குக் கோவையில் இடம் கிடைத்து, அடுத்த மாதம் முதல் தினமும் பேருந்தில் போய்வரப் போகிறாள். ஆய்வக வகுப்பு உள்ள நாட்களில் வீடு சேர இரவு எட்டு மணி ஆகும் என்கிறாள். 2025 நவம்பரில் கோவை விமான நிலையத்துக்குப் பின்புறம் ஒரு கல்லூரி மாணவிக்கு நடந்த கொடுமையைச் செய்தியில் பார்த்ததிலிருந்து என் தாயாரும் மைத்துனரும், அவளை அனுப்பவே வேண்டாம், தபால் வழியில் படிக்கட்டும் என்கிறார்கள். நான் மிளகு ஸ்பிரே வாங்கி வைத்திருக்கிறேன். அவள் இருக்குமிடம் என் போனில் தெரியும்படியும் செய்யப் போகிறேன். வழியில் ஏதாவது நடந்தால் எந்த மாநிலப் போலீஸிடம் போவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மகன் திருச்சூர் அருகே பொறியியல் கல்லூரி விடுதியில் முதலாண்டு படிக்கிறான். அவன் ஆண்பிள்ளை, கவலை இல்லை. மகளுக்கு என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?

ஒரு தந்தை, கொழிஞ்சாம்பாறை
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

அனுப்புங்கள். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. உங்கள் தாயாரின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தச் செய்தியைப் படித்த எந்தப் பெற்றோரும் அன்றிரவு நிம்மதியாக உறங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் வீட்டோடு இருத்திவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்ற எண்ணம் உண்மைக்குப் பொருந்தவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைத் தொடர்ந்து பார்த்தால், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் உறவினராகவோ, அண்டை வீட்டாராகவோ, நண்பராகவோ, ஏதோ ஒரு வகையில் முன்பே அறிமுகமானவராகவோ இருக்கிறார். ஆகவே படிப்பை நிறுத்துவதால் இழப்பு உறுதி, பாதுகாப்பு உறுதியில்லை.

உங்கள் கடிதத்தில் ஸ்பிரே இருக்கிறது, போன் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. ஏதாவது நடந்தால் மகள் உங்களிடம் வந்து சொல்வாளா என்ற கேள்வி மட்டும் இல்லை. நான் முதலில் அதைத்தான் கேட்பேன். பேருந்தில் ஒருவன் சீண்டினாலும், ஒருவன் மிரட்டிக் குறுஞ்செய்தி அனுப்பினாலும், ஒரு மாணவியின் மனதில் முதலில் எழுவது ‘வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்’ என்ற பயம். மிரட்டுபவனுக்கும் அது தெரியும். 2024 டிசம்பர் 23 அன்று இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி வன்கொடுமைக்கு உள்ளானார். வீடியோ எடுத்திருப்பதாகச் சொல்லித்தான் குற்றவாளி அவரை மிரட்டினான். இந்தப் பெண் வெளியே வாய் திறக்க மாட்டாள் என்று அவன் நம்பியிருக்க வேண்டும். அவர் தாமதிக்காமல் புகார் கொடுத்தார். முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்து தம் விவரங்கள் வெளிவந்த அநீதியையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஜூன் 2 அன்று, சம்பவம் நடந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் சிறை விதித்தது. அந்த மாணவி பேசியிருக்காவிட்டால் அவன் அடுத்தவளைத் தேடிப் போயிருப்பான்.

ஆகவே மகளிடம் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது, ‘என்ன நடந்தாலும் என்னிடம் சொல், அதற்காக உன் படிப்பு நிற்காது’ என்பது. இதைத் தனியாகச் சொல்வது போதாது. உங்கள் தாயாரும் மைத்துனரும் இருக்கும்போது, அவர்கள் கேட்கும்படி சொல்ல வேண்டும். வீட்டில் யாருடைய பேச்சு கடைசியில் நிற்கும் என்பதைப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். இருக்குமிடத்தைப் போனில் பகிர்வது நல்லதுதான், அவள் சம்மதத்தோடு செய்தால். உங்களோடு, அவளுடைய நம்பிக்கைக்குரிய தோழி ஒருத்திக்கும் அது தெரியட்டும். கேட்காமல் கண்காணித்தால், போனைத் தோழியின் பையில் வைத்துவிட்டுப் போக அவளுக்கு அதிக நாள் ஆகாது. அப்போது உங்கள் திரையில் தெரியும் புள்ளி உங்களை ஏமாற்றும்.

பேருந்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் அவளுடைய நாளில் கணிசமான நேரம் அங்கேதான் கழியப் போகிறது. கோவை உக்கடம் பேருந்து நிலையத்தில் மாலை நேரக் கூட்டத்தில் ஏறி, ஜன்னலோர இருக்கை கிடைத்து உட்கார்ந்த பிறகு, இருக்கைக்கும் பக்கச் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியாகப் பின்னாலிருந்து ஒரு கை நீளும். முதல் முறை தவறுதலாகப் பட்டதோ என்று தோன்றும். பையைக் குறுக்கே வைத்துக்கொண்டு, உடலைச் சுருக்கி, முன் நகர்ந்து உட்காருவதைத்தான் பெரும்பாலான பெண்கள் செய்கிறார்கள். அதை அவன் சம்மதமாக எடுத்துக்கொள்கிறான். எழுந்து நின்று, திரும்பி, கண்டக்டருக்குக் கேட்கும் குரலில் ‘கையை எடுங்க’ என்று சொல்ல வேண்டும். ‘யாராவது உதவி பண்ணுங்க’ என்று பொதுவாகக் கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பார்கள். ‘பச்சைச் சட்டை போட்ட அண்ணா, கண்டக்டரைக் கூப்பிடுங்க’, ‘அக்கா, நீங்க இங்க வந்து உட்காருங்க’ என்று ஒருவரைச் சுட்டிக் கேட்டால் அவர் எழுந்து வருவார். எல்லைக்கு இந்தப் பக்கம் வந்ததும் அண்ணாவைச் சேட்டா ஆக்கிக்கொள்வது உங்கள் மகளுக்குப் பழக்கமானதுதான். இந்த வாக்கியங்களை வீட்டில் இரண்டு மூன்று முறை உரக்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பழகாத தொண்டையிலிருந்து அவசரத்தில் குரல் எழும்பாது. நிறுத்தத்தில் யாராவது கூடவே இறங்கிப் பின்தொடர்ந்தால், தோட்டத்துப் பாதையில் நடக்காமல், விளக்கு எரியும் கடைக்குள் நுழைந்து உங்களைப் போனில் அழைக்கட்டும். ஆய்வக நாட்களில் நிறுத்தத்துக்கு நீங்களே வண்டியோடு போய் நில்லுங்கள்.

ஒருவன் நாள்தோறும் பின்தொடர்ந்தால், சட்டம் என்ன கேட்கிறது என்பதை அவள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒரு பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, தொடர்புகொள்ள முயல்வது, இணையத்தில் அவளைக் கண்காணிப்பது ஆகியவை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு மூன்றாண்டு வரையும், மறுமுறைக்கு ஐந்தாண்டு வரையும் சிறை உண்டு. எனவே ‘எனக்கு விருப்பமில்லை, இனித் தொடர்புகொள்ள வேண்டாம்’ என்று ஒரே ஒரு செய்தி அனுப்பிவிட்டு, அதன்பின் திட்டவோ விளக்கம் சொல்லவோ கூடாது. அவன் அனுப்பும் எதையும் அழிக்கவும் கூடாது. ஒரு சிறு நோட்டில் தேதி, நேரம், பேருந்தின் பதிவெண், நிறுத்தம், அவன் சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வைக்கட்டும். ‘ரொம்ப நாளா தொந்தரவு பண்றான்’ என்ற புகாரைவிட அந்த நோட்டு காவல் நிலையத்தில் நூறு மடங்கு பேசும்.

இனி உங்கள் எல்லைக் கேள்வி. கோவையிலிருந்து வரும் வழியில், நவக்கரைப் பக்கம், அதாவது தமிழ்நாட்டுக்குள் ஏதோ நடக்கிறது. மகள் கொழிஞ்சாம்பாறை வந்து சேர்ந்த பிறகுதான் உங்களிடம் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் திரும்பக் கோவைக்கு ஓட வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. கொழிஞ்சாம்பாறை நிலையத்தில் ஜீரோ எஃப்ஐஆர் (எல்லை பாராமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) பதிந்து, உரிய தமிழ்நாட்டு நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். ‘இது எங்க லிமிட் இல்லை’ என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. பாலியல் குற்றங்களிலும் பின்தொடர்தல் குற்றத்திலும் பெண் சொல்லும் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். எஃப்ஐஆரின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால், அதே புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம், அதற்கும் பயன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பாலியல் வன்கொடுமை போன்ற கடும் குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரியே பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவின்படி தண்டனைக்கு உரியவராகிறார். மலையாளத்தில் எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். உங்களுடையது போன்ற மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதக் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது.

அவசரத்துக்கு இரு மாநிலத்திலும் 112தான். எல்லையருகே போன் எந்தக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறதோ அதைப் பொறுத்து அழைப்பு அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடலாம் என்பதால், பெயரைச் சொல்வதற்கு முன் இடத்தைச் சொல்லப் பழகட்டும்: ‘நவக்கரை தாண்டி வாளையார் போற வழி, இன்ன நம்பர் பஸ்.’ ரயிலில் என்றால் 139. கேரளத்துக்குள் பெண்களுக்கான பிங்க் போலீஸ் 1515. ரயிலில் மகளிர் பெட்டி காலியானால் அடுத்த நிலையத்தில் இறங்கி ஆள் இருக்கும் பெட்டிக்கு மாறிவிட வேண்டும். 2011 பிப்ரவரியில் எர்ணாகுளம்–ஷொர்ணூர் பயணிகள் ரயிலில் தாக்கப்பட்டு, வன்கொடுமைக்கு உள்ளாகி உயிரிழந்த 23 வயதுப் பெண் மகளிர் பெட்டியில்தான் தனியாக இருந்தார்.

மிளகு ஸ்பிரேயைப் பற்றிச் சுருக்கமாக: வைத்துக்கொள்ளலாம், தற்காப்பு உரிமை சட்டத்தில் உண்டு. பையின் அடியில் கிடந்தால் பயனில்லை. ஓடும் பேருந்துக்குள் அடித்தால் அவள் கண்ணும் எரியும். திறந்த வெளியில், தப்பி ஓட நேரம் கிடைப்பதற்காக மட்டுமே அது.

படத்தை வைத்து மிரட்டினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்பார்கள். உரையாடலைத் திரைப்பதிவு எடுத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். பெண்கள் தொடர்பான இத்தகைய புகாரைப் பெயர் சொல்லாமலும் பதிய அங்கே வசதி உண்டு. பணம் பறிபோயிருந்தால் உடனே 1930. அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்ற விசாரணையை வீட்டில் அன்றைக்கு யாரும் தொடங்காதிருக்க வேண்டும் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்டுக் குறித்துவைக்கட்டும். அத்தகைய குழு எல்லா உயர்கல்வி நிறுவனங்களிலும் இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதி.

மகனைப் பற்றி நீங்கள் எழுதிய ஒற்றை வரிதான் என்னை அதிகம் கலங்க வைத்தது. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டதையொட்டித்தான் தமிழ்நாடு 1997-இல் தடைச்சட்டம் கொண்டுவந்தது. கேரளத்தில் 1998-இல் வந்தது. சட்டம் வந்து இத்தனை ஆண்டு கழித்து, 2025 பிப்ரவரியில் கோட்டயம் அரசு செவிலியர் கல்லூரி விடுதியில் முதலாண்டு மாணவர்கள் காம்பஸ் முனையால் குத்தப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டது வெளியே தெரிந்தது. அது மாதக்கணக்கில் நடந்திருந்தது. அந்த வீடுகளிலும் ‘ஆண்பிள்ளை, கவலை இல்லை’ என்றே நினைத்திருப்பார்கள். மகளிடம் சொல்லச் சொன்ன ‘என்ன நடந்தாலும் என்னிடம் சொல்’ என்ற வாக்கியத்தை மகனிடமும் சொல்லுங்கள். ராகிங் புகாருக்கான 1800-180-5522 என்ற எண்ணைக் கொடுங்கள். ‘உன் பேங்க் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தர்றேன்’ என்று யார் கேட்டாலும் மறுக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் தேடி வருவது கணக்கின் உரிமையாளரைத்தான். கூடவே 78-ஆம் பிரிவையும் அவனுக்கு விளக்குங்கள். ஒரு பெண் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும் என்பதை அவன் உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

வகுப்பு தொடங்கும் முன், ஒரு வேலை நாளின் மாலையில் மகளோடு உக்கடத்திலிருந்து அந்தப் பேருந்தில் ஒரு முறை வாருங்கள். எந்த நிறுத்தத்தில் விளக்கு எரிகிறது, எந்தக் கடை எட்டரை மணி வரை திறந்திருக்கிறது, ஆட்டோ நிறுத்தம் எங்கே என்பதையெல்லாம் அவளே பார்த்து, எங்கே இறங்குவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். வழியிலுள்ள காவல் நிலையங்களின் எண்களை இருவரும் போனில் பதிந்துகொள்ளுங்கள். மைத்துனரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.