என்ஜினைப் பிரிக்கும் முன் கேஜைச் சந்தேகியுங்கள்

கேள்வி: என்னிடம் 1972ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கிறது. ஆயில் பிரஷரும் தண்ணீரின் சூடும் ஒரே வட்டத்தில் தெரியும் பழைய கேஜ்தான் அதில் உள்ளது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பிரஷர் முள் ஐந்தாறு விநாடி அசையாமல் கிடந்து, பிறகு 70 பி.எஸ்.ஐ.க்கு ஏறுகிறது. அரை மணி நேரம் ஓட்டிய பின் 3,000 ஆர்.பி.எம்.மில் 45ம், ஐடிலிங்கில் 10ம் காட்டுகிறது. சென்ற மாதம்தான் 10டபிள்யூ-30 ஆயில் ஊற்றினேன். அதற்கு முன்பு ஓட்டத்தில் 60க்குக் குறைந்ததில்லை. பேரிங் தேய்ந்துவிட்டது, என்ஜினைப் பிரித்தாக வேண்டும் என்கிறார் மெக்கானிக். அது சரிதானா?

பதில்: பேரிங் தேய்ந்திருக்கலாம், ஆனால் அதை முடிவுகட்ட நீங்கள் தந்திருக்கும் எண்கள் போதாது. இந்த என்ஜினுக்கு நல்ல சூட்டில் ஓட்டத்தில் 50 முதல் 80 வரையிலும், ஐடிலிங்கில் 10 முதல் 25 வரையிலும் இருக்கலாம் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. அதன்படி உங்கள் ஐடிலிங் அளவு வரம்பின் கீழ் விளிம்பில் நிற்கிறது, ஓட்டத்தின் அளவு சற்றே கீழே இருக்கிறது. கவலைப்பட வேண்டிய நிலைதான், ஆனால் ஸ்பேனரைத் தூக்க வேண்டிய நிலை அல்ல.

கேஜ் காட்டுவது என்ஜினுக்குள் எவ்வளவு ஆயில் ஓடுகிறது என்பதை அல்ல, ஓடும் ஆயிலுக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்பதைத்தான். பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஆயிலைத் தள்ளுகிறது. அது பேரிங்குகளுக்கும் அவற்றில் சுழலும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாகக் கசிந்து, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குத் திரும்புகிறது. அந்தக் கசிவு இடைவெளியின் முப்படிக்கு (கனத்துக்கு) ஏற்பக் கூடும் என்பதால், இடைவெளி கால் பங்கு கூடினாலே கசிவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். மெக்கானிக்கின் சந்தேகத்துக்கு அடிப்படை இதுதான். ஆனால் ஆயில் மெலிந்தாலும் இதே விளைவுதான் கிடைக்கும். 100 டிகிரி செல்சியஸில் 30 தர ஆயிலின் (10டபிள்யூ-30இன் பின் எண் குறிப்பது இந்தத் தரத்தைத்தான்) பிசுப்பு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 50 தரத்துக்கோ 16.3 முதல் 21.9 வரை. இந்தத் தலைமுறை என்ஜின்களுக்கு 20டபிள்யூ-50 வழக்கமாகச் சொல்லப்படுவது பழம்பெருமைக்காக அல்ல. உங்கள் முள் இறங்கியதும் ஆயில் மாறியதும் ஒரே மாதத்தில் நடந்திருப்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆகவே முதலில் டிப் ஸ்டிக்கை உருவி அளவைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தாலோ, கார்புரேட்டரிலிருந்து வழியும் பெட்ரோல் ஆயிலைக் கரைக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் புது ஆயில் ஊற்றுவது வீண். வாடை இல்லையென்றால் 20டபிள்யூ-50க்கு மாறி, ஒரு மணி நேரம் ஓட்டிய பின் எண்களை மீண்டும் குறியுங்கள்.

அடுத்தது கேஜ். ஐம்பது ஆண்டுகளாக அதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு பித்தளைக் குழாய்ச் சுருளின் சொல்லை நம்பி என்ஜினுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. என்ஜின் பிளாக்கில் கேஜின் குழாய் சேரும் இடத்திலேயே, அளவு சரிபார்க்கப்பட்ட வேறொரு டெஸ்ட் கேஜை மாட்டி, சூடான என்ஜினில் இரண்டையும் ஒப்பிடுங்கள். டெஸ்ட் கேஜ் உடனே எழுந்து, டாஷ்போர்டு முள் மட்டும் தாமதித்தால், மெல்லிய குழாய் அடைத்திருக்கிறது அல்லது எங்கோ நசுங்கியிருக்கிறது. டாஷ்போர்டு கேஜைக் கழற்றுவதானால் ஓர் எச்சரிக்கை: ஆயில் குழாயைத் திருகிக் கழற்றலாம், இணைப்பில் இருக்கும் சிறிய தோல் வாஷரைத் தொலைக்காதீர்கள், ஆனால் பக்கத்தில் வரும் வெப்பமானிக் குழாய் ஈதர் நிரப்பி கேஜோடு சேர்த்து மூடப்பட்டது, அதை மடித்தால் கேஜே போய்விடும்.

இரண்டு முள்ளும் சேர்ந்தே தாமதித்தால், ஃபில்டரைப் பாருங்கள். இந்த என்ஜினில் சில ஆண்டுகளில் ஃபில்டர் வாய் கீழ்நோக்கி இருக்குமாறு தலைகீழாகப் பொருத்தப்பட்டது. அதனுள் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் வால்வ் சரியில்லையென்றால், இரவெல்லாம் ஆயில் வடிந்து, காலையில் பம்ப் முதலில் ஃபில்டரை நிரப்ப வேண்டியிருக்கும். அந்த ஐந்தாறு விநாடியில் கீழிருந்து கடகடவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் பேரிங்குகள் ஆயிலின்றித் தவிக்கின்றன. வேறு ஃபில்டர் போடுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிறகுதான் பிரஷர் அளவு மீறினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வ். பிளாக்கின் இடப் பின்பக்கம் குவிந்த தலையுள்ள நட்டின் கீழே அது இருக்கிறது. ஸ்பிரிங்கை எடுத்ததும் கிண்ணம் போன்ற பிளஞ்சர் உள்ளேயே தங்கிவிடும். விரலுக்கு வராது, சற்றே கூம்பிய மரக்குச்சியை அதன் வாயில் செருகி இழுத்தால் வரும். அதன் முகத்தில் முழு வட்டமாக ஒரே சீரான மங்கல் கோடு இருக்க வேண்டும். கோடு ஓரிடத்தில் அறுந்திருந்தால் அவ்வழியே ஆயில் கசிகிறது. குளிரில் 70 காட்டுவதை வைத்து வால்வ் நன்றாக மூடுகிறது என்று நம்பிவிட முடியாது, ஏனென்றால் கெட்டியான ஆயில் சிறு கசிவை மறைத்துவிடும். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து அழுத்தத்தைக் கூட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. அது உச்ச அளவைத்தான் உயர்த்துமே தவிர, சூடான ஐடிலிங்குக்கு ஒன்றும் செய்யாது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

சரியான ஆயிலோடு, டெஸ்ட் கேஜிலும், வால்வைச் சீர்செய்த பின்னும் ஓட்டத்தில் 40ஐத் தாண்டாவிட்டால் மெக்கானிக் சொல்வதை ஏற்கலாம். இழுக்கும்போது அடியிலிருந்து உறுமல் கேட்டாலோ இந்த வரிசையெதற்கும் காத்திராமல் என்ஜினை உடனே அணைத்துவிடுங்கள். சம்பைக் கழற்றினால் பம்பையும், ஓரிரு பேரிங் ஷெல்களையும் பாருங்கள்: சாம்பல் நிறப் பூச்சு கரைந்து செம்பு நிறம் தெரிந்தால் அவற்றின் ஆயுள் முடிந்தது. அந்நிலையில் கேம் ஷாஃப்ட் பேரிங்குகளையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். கிராங்க் பேரிங்குகளை மட்டும் புதிதாக்கிப் பூட்டிவிட்டு, முள் பழைய இடத்திலேயே நிற்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள் பலர்.