கிளிப் போடும் முன் அளவெடுங்கள்: பல் சீரமைப்பு கேள்வி பதில்

ஈரோட்டிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு 8 வயது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. இப்போதே கிளிப் போட்டுவிடலாமா?

வேண்டாம் அம்மா. இந்த வயதில் மேல் வெட்டுப்பற்கள் விசிறி மாதிரி விரிந்து நிற்பது இயல்புதான். உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பற்கள் அவற்றின் வேர்களை அழுத்துகின்றன. 11, 12 வயதில் கோரைப்பல் வெளியே வந்ததும் 2 மி.மீ. வரையிலான இடைவெளி பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். அதைவிட அகலமென்றால், நடுவில் கூடுதல் பல் ஏதும் புதைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும்.

ஆனால் வீட்டில் யாராவது ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டால் போதும் என்று சொன்னால் கேட்காதீர்கள். பல் வேர்ப்பக்கம் குறுகிக்கொண்டே போவதால் ரப்பர் வழுக்கி ஈறுக்குள் ஏறிவிடும், வெளியே தெரியாது. எலும்பு கரைந்து, சொத்தையே இல்லாத நல்ல பல் ஆடி விழுந்துவிடும்.

மதுரை வாசகர்: 6 வயதுப் பையனுக்குச் சொத்தையான பால் கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டோம். எப்படியும் விழப்போகிற பல்தானே?

விழப்போகிற பல்தான், ஆனால் 9 முதல் 12 வயதுக்குள். அதுவரை அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது அதன் வேலை. அது போனதும் 6 வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் முன்னால் சாய்ந்து வரும், மேல்தாடையில் இன்னும் வேகமாக. பறிபோகும் இடத்தில் பெரும்பகுதி முதல் 6 மாதத்துக்குள்ளேயே போய்விடும். பிறகு முளைக்க வேண்டிய பல் எலும்புக்குள் சிக்கும், அல்லது வரிசை தப்பி முளைக்கும். பரம்பரையைக் குறை சொல்கிற பல கோணல் பற்களுக்கு உண்மைக் காரணம் இதுதான். பக்கத்துப் பல்லில் வளையம் மாட்டி, அதிலிருந்து கம்பியை இடைவெளிக்கு அடுத்த பக்கத்துப் பல் வரை நீட்டும் ஸ்பேஸ் மெயின்டெய்னர் வைக்கலாம். 6 வயதுப் பல் இன்னும் வெளியே வரவில்லை என்றால் அந்தக் கருவியின் வடிவம் மாறும். இந்த வாரமே காட்டுங்கள்.

திருநெல்வேலி: மகள் வாயைத் திறந்தே தூங்குகிறாள், குறட்டையும் உண்டு. முன்பல் தூக்கிக்கொண்டு வருகிறது.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையைப் பார்த்த பிறகு பல்லுக்கு வாருங்கள்.

கோவை கல்லூரி மாணவி: கிளிப் போட நாலு நல்ல பற்களை எடுக்க வேண்டும் என்கிறார்கள். அவசியமா?

அளந்துவிட்டுச் சொன்னார்களா என்று கேளுங்கள். பற்களின் அச்சில் முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் உள்ள ஒவ்வொரு பல்லின் அகலத்தையும் அளந்து கூட்டி, தாடை வளைவில் இருக்கும் இடத்தோடு ஒப்பிட வேண்டும். பற்றாக்குறை 4 மி.மீ.க்குள் என்றால் பல் எடுக்கத் தேவை வருவது அரிது. பற்களின் பக்கங்களை லேசாகத் தேய்த்தாலே, இரு பற்கள் தொடும் ஓர் இடத்துக்கு அரை மி.மீ. வரை கிடைக்கும். 10 மி.மீ.க்கு மேல் என்றால் பெரும்பாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும். இடைப்பட்ட அளவில்தான் மருத்துவரின் அனுபவம் பேசும்.

வழக்கமாக எடுப்பது கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் முன்கடைவாய்ப்பல். அதன் அகலம் சுமார் 7 மி.மீ. இரு பக்கமும் எடுத்தால் ஒரு தாடைக்கு 14. அது முழுக்க முன்பற்களுக்குக் கிடைக்காது. பின்பற்களும் முன்னே நகர்ந்து பங்கு கேட்கும். அதைத் தடுக்க எலும்பில் சின்ன ஸ்க்ரூ வைப்பதுண்டு. எந்தப் பல் எவ்வளவு நகர வேண்டும் என்பதை கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டைப் பல்லில் ஒட்டும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சென்னை, பல் மருத்துவர்: பல் எடுப்பது பழைய வழி. தாடையை விரித்தாலே இடம் கிடைக்கும். எடுத்தால் முகம் ஒட்டிப்போகும்.

டாக்டர், இந்த வழக்குக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1911இல் அமெரிக்காவில் பல் சீரமைப்பு நிபுணர் கால்வின் கேஸ் பல் எடுப்பதை ஆதரித்துப் பேச, இத்துறையின் முன்னோடி எட்வர்ட் ஆங்கிளின் தரப்பு அவரை எதிர்த்தது. அந்த ஆங்கிளிடமே பயின்ற சார்லஸ் ட்வீட், எடுக்காமல் முடித்த பலருக்குப் பற்கள் துருத்தி நின்றதைப் பார்த்து, பல் எடுத்து மறுபடி சிகிச்சை செய்தார். விரிப்பதற்கும் எல்லை உண்டு. முன்கடைவாய்ப் பகுதியில் 1 மி.மீ. விரித்தால் வளைவில் கிடைப்பது சுமார் 0.7 மி.மீ.தான். வளர்ந்தவர்களுக்கு அண்ணத்தின் நடு இணைப்பு இறுகியிருக்கும். சாதாரணக் கருவியால் விரித்தால் எலும்புக்குப் பதில் பல்தான் வெளியே சாயும். கீழ்க் கோரைப்பற்களை அகட்டினால் பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பும்.

அவரே மீண்டும்: அப்படியானால் முகம் ஒட்டுவது பொய்யா?

பொய்யில்லை. மெல்லிய உதடும் தட்டையான முகமும் உள்ளவருக்குத் தேவையில்லாமல் எடுத்து, முன்பற்களை உள்ளே இழுத்தால் ஒட்டும். உதடு மூடவே சிரமப்படும் அளவுக்குப் பல் துருத்தியவருக்கு அதே சிகிச்சை முகத்தைச் சீராக்கும். இவர் எந்த ரகம் என்பதைத் தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயான செபலோகிராம்தான் காட்டும். அது இல்லாமல் 'எடு' என்பதும் தவறு, 'எடுக்காதே' என்பதும் தவறு.

சேலம்: மேல்பல் எடுத்தால் கண் பார்வை போகுமா?

போகாது. பல் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

வேலூர்: ஞானப்பல் தள்ளுவதால்தானே கீழ் முன்பற்கள் நெருங்குகின்றன?

இல்லை. ஞானப்பல்லே முளைக்காதவர்களுக்கும் வயதாக ஆக நெருங்கும். இதற்காக மட்டும் அதை எடுக்காதீர்கள்.

நாமக்கல்: ஆன்லைனில் வரும் இடைவெளி மூடும் ரப்பர் நல்லதா?

ஈரோடு பதிலைப் படியுங்கள். போடாதீர்கள்.

தஞ்சாவூர்: போட்டோ அனுப்பினால், பல் எடுக்காமல் முடியுமா என்று சொல்வீர்களா?

மாட்டேன். அளவெடுக்காமல் சொல்ல முடியாது. கோவை, சென்னை பதில்களைப் படியுங்கள்.

புதுச்சேரி: கிளிப் கழற்றி 2 வருடம். பல் நகராமல் பிடித்து வைக்கும் ரிடெய்னரைப் போடுவதை விட்டுவிட்டேன். கீழ்ப்பல் ஒன்று திரும்புகிறது.

பழைய ரிடெய்னரைப் போட்டுப் பாருங்கள். லேசான இறுக்கத்தோடு முழுக்க உட்கார்ந்தால், தினமும் இரவு போடுங்கள். எங்காவது தூக்கி நின்றால் அழுத்தி மாட்டாதீர்கள். புதிதாக அச்சு எடுக்க வேண்டும். ஒரு பல் மட்டும் சற்றே திரும்பியிருந்தால் சில மாதச் சிகிச்சையில் சரியாகலாம், அதன்பின் உள்பக்கம் கம்பி ஒட்டிக்கொள்வது நல்லது. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ரிடெய்னர் என்றால் வெந்நீரில் கழுவாதீர்கள், வடிவம் மாறிவிடும்.