வைரத்தின் மதிப்பே விளம்பரம் கிளப்பியதுதானா? அப்படியென்றால் நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் வாங்குவது வீணா?

கடையில் கேட்கும் விலையும், திரும்ப விற்றால் கைக்கு வரும் பணமும் வேறு வேறு. நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு முக்கியம் இரண்டாவதுதான்.

தென்னாப்பிரிக்காவில் 1867-க்குப் பிறகு கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. வரத்து பெருகினால் விலை சரியும். போட்டிச் சுரங்கங்களை இணைத்து 1888-ல் உருவான டி பியர்ஸ், வரத்தைத் தன் பிடியில் வைத்துக்கொண்டது. ஆனால் ஏற்கெனவே விற்ற கற்களை எந்தச் சுரங்க முதலாளியும் பூட்டி வைக்க முடியாது. வைரம் தேயாது, பாட்டியின் மோதிரக் கல்லும் புதுக் கல்லுக்கு நேரடிப் போட்டி. டி பியர்ஸ் 1938-ல் அமர்த்திய என்.டபிள்யூ. அயர் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த பிரான்சிஸ் ஜெரட்டி, 1947-ல் எழுதிய ‘வைரம் என்றென்றைக்கும்’ என்ற வாசகம் அந்த இடத்தில்தான் வேலை செய்தது. காதலின் சின்னத்தை யார் விற்பார்கள்? வாங்கத் தூண்டியதைவிட விற்கவிடாமல் செய்ததே அதன் பெரிய சாதனை என்பேன்.

ஜப்பானில் 1967-ல் மணப்பெண்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களே வைர மோதிரம் பெற்றார்கள். மேற்கத்திய உடையும் நவீன வாழ்க்கையும் காட்டிய விளம்பரங்களுக்குப் பிறகு, 1981-ல் அது சுமார் 60 சதவீதம். ‘இரண்டு மாதச் சம்பளம்’ என்ற கணக்கையும் 1980-களில் அமெரிக்கர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது விளம்பரம்தான்.

உடனே சிலர் சண்டைக்கு வருவார்கள். கல்லுக்குச் சிறப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதன் கடினமும் ஒளிச்சிதறலும் உண்மை. கோல்கொண்டா கற்களை மன்னர்கள் தேடியபோது விளம்பர நிறுவனமே கிடையாது. சாதாரணச் சம்பளக்காரருக்கும் அது கட்டாயம் என்று ஆனதைத்தான் சொல்கிறேன்.

வாங்குவதென்றால், அந்தப் பணம் செலவு என்றே எழுதுங்கள், முதலீடு என்று அல்ல. ஒரு காரட் 0.2 கிராம். எடை சரியாக 1.00-ஐத் தொட்டதும் விலை தாவும். 0.95 காரட் வட்டக் கல் சுமார் 6.4 மி.மீ., ஒரு காரட் 6.5 மி.மீ.; விரலில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பட்டை தீட்டிய தரத்தில் மட்டும் சமரசம் வேண்டாம், மினுக்கம் அதிலிருந்துதான் வருகிறது. அடிப்பக்கம் ஆழமாக வெட்டிய கல் எடை காட்டும், ஆனால் மேலிருந்து சிறிதாகவும் மங்கலாகவும் தெரியும். கல்லின் விளிம்பில் லேசரால் எண் பொறித்திருந்தால், 10 மடங்கு லென்ஸில் பார்த்துச் சான்றிதழ் எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.

எனக்குத் தீராத ஆத்திரம் ஒன்று உண்டு. விற்கும் கடையே ‘இதன் மதிப்பு இவ்வளவு’ என்று பெரிய தொகை போட்டுத் தரும் தாள், தரச் சான்றிதழே அல்ல. தரம் பிரிக்கும் ஆய்வகங்களின் சான்றிதழில் எடை, நிறம், தெளிவு, வெட்டு (பட்டை தீட்டிய தரம்) இருக்கும், விலை இருக்காது. அந்தத் தாளை நம்பிப் பேரம் பேசாதீர்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த கல்லும் அதே கார்பன்தான். வெப்பக் கடத்தலை அளக்கும் சின்ன டெஸ்டர் இரண்டையும் ‘வைரம்’ என்றே காட்டும். அதனால் பில்லில் ‘இயற்கை’ அல்லது ‘ஆய்வக வைரம்’ என்று எழுதி வாங்குங்கள்.